பிறர் கருத்துக்கு ஒரு வினைச்சொல்

(ஆங்கிலத் துறையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



எந்தப் பெரியவரின் நினைவாக ஆண்டுதோறும் இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ, அவரிடம் மூன்றாண்டுகள் படிக்கும் பேறு எனக்குக் கிடைத்தது. ஆங்கில இலக்கணத்தைத் தமிழில் விளக்கியவர் அவர். ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டால் உடனே சொல்லமாட்டார். "அது யாரோடு சேர்ந்து குடித்தனம் நடத்துகிறது என்று முதலில் பார்" என்பார். அகராதியில் நாலு பொருள் இருக்கும். பக்கத்தில் எந்தச் சொல்லை அண்டவிடுகிறது, எதைத் தள்ளிவைக்கிறது என்பதைக் கொண்டுதான் ஒரு வினைச்சொல்லின் குணத்தை அறிய முடியும் என்பது அவர் கட்சி. அவர் வகுப்பில் கற்ற அந்த ஒரு பாடத்தை வைத்துக்கொண்டு ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல்லைப் பற்றி இன்று பேசப் போகிறேன். அந்தச் சொல் 'ஒபைன்'.

இதன் பெயர்ச்சொல் நம் எல்லோருக்கும் தெரியும். வீட்டு மனை வாங்கப் போகிறவரிடம் முதலில் கேட்கும் கேள்வி, "லீகல் ஒப்பீனியன் வாங்கியாச்சா?" என்பதுதான். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாவற்றையும் வக்கீலிடம் கொடுத்து அவர் ஒப்பீனியன் எழுதித் தந்தால்தான் வங்கி கடன் கொடுக்கும். அறுவைச் சிகிச்சை என்று ஒரு மருத்துவர் சொன்னால் "எதுக்கும் இன்னொரு டாக்டர்கிட்ட செகண்ட் ஒப்பீனியன் கேட்டுடலாம்" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். ஆங்கிலம் படிக்காத பாட்டியும் இந்தச் சொல்லைத் தயங்காமல் சொல்வார். அதே குடும்பத்து வினைச்சொல் மட்டும் நம் தெருவுக்கு வரவே இல்லை. அது தீர்ப்புகளிலும், உடற்கூராய்வு பற்றிய விவாதங்களிலும், தலைமைச் செயலகக் கோப்புகளிலும், ஆங்கில நாளிதழ்களின் நடுப்பக்கத்திலும் தங்கிவிட்டது. 'மருத்துவர் ஒபைன் செய்தார்', 'சட்டத்துறை ஒபைன் செய்துள்ளது' என்று இந்திய ஆங்கிலத்தில் சர்வசாதாரணமாக எழுதுகிறோம். இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ ஒருவர் இதே சொல்லை அன்றாடப் பேச்சில் எடுத்தால், அவர் யாரையோ லேசாகக் கிண்டல் செய்கிறார் என்றே கேட்பவர் எண்ணக்கூடும். அங்கே அது பகட்டுச் சொல், இங்கே அலுவல் சொல். நம் வழக்கைத் தவறென்று நான் சொல்லமாட்டேன். நீதிமன்றம் என்னும் இடம் அந்தச் சொல்லை நமக்காக உயிரோடு வைத்திருக்கிறது என்றே சொல்வேன்.

சொல்லின் பிறப்பைச் சற்றுப் பார்ப்போம். இலத்தீனில் 'ஒபீனாரி' என்ற வினை இருந்தது. அது பிரெஞ்சு வழியாகப் பதினைந்தாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. 'ஒப்பீனியன்' என்ற பெயர்ச்சொல் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்பே வந்துவிட்டது. ஆக ஆங்கிலத்திலும் அண்ணன் பெயர்ச்சொல், தம்பி வினைச்சொல். இலத்தீன் வினையில் ஒரு விசேஷம் உண்டு. அதன் வடிவம் செயப்பாட்டு வினைக்குரியது, பொருளோ செய்வினைக்குரியது. இப்படிப்பட்ட வினைகளை இலத்தீன் இலக்கணத்தார் 'டெப்போனென்ட்' என்று தனி வகையாக்கினர். கருதுதல், மதிப்பிடுதல் தொடர்பான 'ஒபீனார்', 'ஆர்பிட்ரார்', 'ரெயோர்' மூன்றும் இந்த வகையில் சேர்வது எனக்கு வியப்பாக இருக்கும். நாமும் 'அபிப்பிராயப்படுகிறேன்', 'சந்தேகப்படுகிறேன்' என்று 'படு' சேர்த்துத்தானே சொல்கிறோம்? இரண்டு மொழிக்கும் உறவு கற்பிக்க நான் இதைச் சொல்லவில்லை. கருத்து என்பது நாம் செய்கிற காரியமா, நமக்கு நேர்கிற ஒன்றா என்ற தயக்கம் இரு மொழியிலும் வினையின் உடுப்பில் தெரிகிறது என்பதற்காகச் சொன்னேன்.

கிறித்துவுக்கு முன் 45-ஆம் ஆண்டில் சிசரோ எழுதிய 'அகாதெமிக்கா' நூலில் இந்த வினை ஒரு பெரிய வழக்கின் நடுவே நிற்கிறது. ஸ்டோயிக்கர்கள் என்ற தத்துவப் பள்ளியினர், அறிஞன் ஒருபோதும் 'ஒபைன்' செய்யமாட்டான் என்றார்கள். அதாவது, உறுதியாகத் தெரியாத ஒன்றுக்கு அறிஞன் தன் இசைவைத் தரமாட்டான். தெரிந்தால் தெரியும் என்பான், தெரியாவிட்டால் இசைவை நிறுத்திவைப்பான். இரண்டுக்கும் நடுவே உள்ள அரைகுறை நிலத்துக்குத்தான் இந்த வினை பெயர். கிரேக்கர்கள் அறிவைத் தனியாகவும் கருத்தைத் தனியாகவும் பிரித்து வைத்த பழைய பிரிவினையின் நிழல் இது. அந்த நிழல் இன்றும் சொல்லை விட்டு அகலவில்லை. 'ஒபைன் செய்தார்' என்று எழுதிய கணமே 'இது அவருடைய கருத்து, உண்மையென்று நான் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளாதே' என்று எழுதியவர் ஒரு கோடு போட்டுவிடுகிறார்.

பிற மொழிகளில் இதன் உடன்பிறப்புகள் வேறு வேறு வாழ்க்கை வாழ்கின்றன. ஸ்பானிய மொழியில் 'ஒபினார்' அன்றாடச் சொல், நண்பரிடம் 'நீ என்ன நினைக்கிறாய்?' என்று கேட்க அதுவே போதும். பிரெஞ்சில் 'ஒப்பினே' இன்று பெரும்பாலும் தலையசைத்து இசைவதைக் குறிக்கிறது. கருத்துச் சொல்லத் தொடங்கிய சொல் அங்கே தலையாட்டலில் போய் முடிந்தது.

இனி இலக்கணம். ஆசிரியர் சொன்னபடி அது யாரோடு குடித்தனம் நடத்துகிறது என்று பார்ப்போம்.

முதல் துணை, 'தட்' என்று தொடங்கும் முழு வாக்கியம். 'தி டாக்டர் ஒபைன்டு தட் தி இஞ்சுரி வாஸ் கிரீவஸ்.' இதுதான் அதன் இயல்பான வீடு. நாளிதழ்களில் மேற்கோளுக்குப் பின்னாலும் வரும், ஒருவர் சொன்னதை அப்படியே கொடுத்து 'ஹி ஒபைன்டு' என்று முடிப்பார்கள். ஒரு பொருளைப் பற்றிக் கருத்துரைத்தார் என்று சொல்ல 'ஆன்' அல்லது 'அபவுட்' வேண்டும். கருத்தின் உள்ளடக்கத்தைச் சொல்லாமல் தலைப்பை மட்டும் சொல்ல இந்த வழி. நேரடியாக ஒரு பெயர்ச்சொல்லைச் செயப்படுபொருளாக இன்றைய ஆங்கிலத்தில் அது ஏற்காது. 'ஹி ஒபைன்டு ஹிஸ் வியூ' என்று மாணவர் எழுதினால் சிவப்பு மை போட வேண்டியதுதான்.

இதைவிட முக்கியமான ஒன்று, கேட்பவருக்கு அந்த வினையின் பந்தியில் இலை கிடையாது. 'டெல்' என்ற வினைக்கு யாரிடம் சொன்னார் என்பது கட்டாயம் வேண்டும், 'டோல்ட் மீ' என்றால்தான் நிற்கும். 'ஸே' என்பதற்கு விருப்பமிருந்தால் 'டு மீ' சேர்க்கலாம். 'ஒபைன்' அப்படி ஒருவர் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. 'ஒபைன்டு மீ' என்பது வழு. 'ஒபைன்டு டு மீ' என்பதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கருத்து அவையின் நடுவே வைக்கப்படுகிறது, எவரும் எடுத்துப் பார்க்கலாம். சாட்சிக் கூண்டில் நிற்கும் மருத்துவர் எதிரில் உள்ள வக்கீலுக்குப் பதில் சொன்னாலும், அது நீதிமன்றத்தின் ஏட்டில்தான் போய் விழுகிறது. அதனால்தான் இந்த வினை நீதிமன்றத்துக்கு இவ்வளவு பொருந்திவிட்டது.

அடுத்தது தன்மை, படர்க்கை பற்றியது. என் முதல் ஆய்வுக் கட்டுரையில் 'ஐ ஒபைன்' என்று தொடங்கி ஒரு பத்தி எழுதியிருந்தேன். ஐயா பென்சிலால் அதை வட்டமிட்டு, 'யாரைப் பற்றிச் சொல்கிறாய்?' என்று ஓரத்தில் தமிழில் எழுதியிருந்தார். அந்தக் கேள்வி புரிய எனக்குச் சில ஆண்டுகள் ஆயின. 'ஐ திங்க்', 'ஐ பிலீவ்' ஆகியவற்றை வாக்கியத்தின் நடுவிலோ கடைசியிலோ செருகலாம். 'அவர் வீட்டில்தான் இருக்கிறார், நினைக்கிறேன்' என்று நாமும் சொல்கிறோமல்லவா, அதுபோல. 1952-இல் ஜே.ஓ. உர்ம்சன் 'மைண்ட்' இதழில் எழுதிய கட்டுரையில் இந்த வகை வினைகளை ஆராய்ந்தார். அவை தன்மையில், நிகழ்காலத்தில் வரும்போது மனத்துக்குள் நடக்கும் எந்த நிகழ்ச்சியையும் வருணிப்பதில்லை, சொல்லும் செய்தியை எவ்வளவு உறுதியாக எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்பவருக்குக் குறிப்புக் கொடுக்கின்றன என்பது அவர் கண்டது. 'ஒபைன்' இந்த வேலைக்கு வராது. 'ஐ ஒபைன்' என்பதை இடையில் செருகினால் வாக்கியம் இடறும். 'ஹி ஒபைன்டு' என்பதைச் செருகினால் வழுக்கிக்கொண்டு போகும். தன் கருத்தைச் சொல்ல ஆங்கிலம் வேறு வினைகளை வைத்திருக்கிறது. பிறர் கருத்தைப் பிறருடையதாகவே எடுத்துச் சொல்ல இந்த வினையை வைத்திருக்கிறது.

நம் மாணவர்கள் செய்யும் இன்னொரு பிழைக்கும் வேர் இதுவே. 'அக்கார்டிங் டு மீ' என்று எழுதுகிறார்கள். எல்லா ஆசிரியரும் அடித்துத் திருத்துகிறோம், ஏன் என்று சொல்வதில்லை. தமிழில் 'அவர் கருத்துப்படி' என்பதும் சரி, 'என் கருத்துப்படி' என்பதும் சரி. 'படி' இருவருக்கும் பொது. ஆங்கிலத்தில் 'அக்கார்டிங் டு' என்பது விரலை வெளியே நீட்டும் சொல், அதைத் தன்னை நோக்கித் திருப்ப முடியாது. தன்னைச் சொல்ல 'இன் மை ஒப்பீனியன்' இருக்கிறது. ஆங்கிலம் தன் கருத்துக்கும் பிறர் கருத்துக்கும் தனித்தனிப் பாத்திரம் வைத்திருக்கிறது என்று ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் 'அக்கார்டிங் டு மீ', 'ஐ ஒபைன்' இரண்டும் சேர்ந்தே திருந்தும். தனித்தனியாகத் திருத்தினால் ஆயுள் முழுவதும் திருத்திக்கொண்டே இருக்கலாம்.

இப்போது, நான் இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணத்துக்கு வருகிறேன்.

படித்து முடித்து வேலை கிடைக்காமல் இருந்த காலத்தில் ஒரு வழக்கறிஞரிடம் மொழிபெயர்ப்பு வேலை செய்தேன். நம் கீழமை நீதிமன்றங்களில் சாட்சியம் தமிழில் பதிவாகும். உயர் நீதிமன்றத்தில் நடவடிக்கை ஆங்கிலத்தில். எனவே மேலே போகும் வழக்கின் கட்டில் பாதியை மொழிபெயர்த்து, டைப் செட் போட வேண்டும். சில சமயம் எதிர்த்திசையிலும் வேலை வரும். மகளைப் பறிகொடுத்த ஓர் அம்மா வந்திருந்தார். மகள் புகுந்த வீட்டில் தூக்கில் தொங்கிய நிலையில் கண்டெடுக்கப்பட்டவள். ஆங்கிலத்தில் இருந்த உத்தரவில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் எழுதித் தரும்படி அந்த அம்மா கேட்டார். வழக்கறிஞர் வேலையை என்னிடம் கொடுத்தார்.

அதில் ஒரு வரி: கழுத்தில் இருந்த தடம் உயிரோடு இருந்தபோது ஏற்பட்டது என்று மருத்துவர் 'ஹாஸ் நாட் ஒபைன்டு'. நான் எழுதினேன்: 'கழுத்துத் தடம் உயிரோடு இருந்தபோது ஏற்பட்டது என்று மருத்துவர் கருதவில்லை.'

அந்த அம்மாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். அந்த வரியில் விரலை வைத்தார். "அப்போ, செத்ததுக்கு அப்புறம்தான் எம்மவளைக் கட்டித் தொங்கவிட்டாங்கன்னு டாக்டரே சொல்லிட்டாரா, தம்பி?" என்றார்.

மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை. திசுப் பரிசோதனை முடிவு வராததால் அவர் எதையுமே சொல்லாமல் நிறுத்திவைத்திருந்தார். உத்தரவு சொன்னது அவ்வளவுதான். என் தமிழ் வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. அகராதியும் 'கருது' என்றுதான் சொல்லும். ஆனாலும் அந்த வாக்கியம், மருத்துவர் சொல்லாத ஒரு கொலையை அவர் வாயில் வைத்துவிட்டது.

இது எப்படி நடந்தது? 'அவர் இன்று வருவார் என்று நான் நினைக்கவில்லை' என்று சொல்கிறோம். நினைப்பே இல்லை என்று யாரும் பொருள் கொள்வதில்லை. 'வரமாட்டார் என்று நினைக்கிறேன்' என்றே கொள்கிறோம். உள்வாக்கியத்துக்கு உரிய எதிர்மறை, வெளிவினையின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் 'ஐ டோன்ட் திங்க்' என்பதும் அப்படியே. டேனிஷ் அறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் 1917-இல் எதிர்மறை பற்றி எழுதிய நூலில் இந்தப் போக்கைக் குறித்திருக்கிறார். பின்னால் வந்த மொழியியலார் இதற்குத் தனிப் பெயரிட்டு நிறைய எழுதினர்.

எல்லா வினையின் மேலும் எதிர்மறை இப்படி ஏறாது. மனத்துக்குள் நடப்பதைச் சொல்லும் நினை, எண்ணு, கருது, திங்க், பிலீவ் போன்ற வினைகளில் ஏறும். வாயால் நடப்பதைச் சொல்லும் சொல், கூறு, ஸே போன்றவற்றில் ஏறாது. 'அவர் வருவார் என்று சொல்லவில்லை' என்றால் சொல்லவில்லை, அவ்வளவுதான். வரமாட்டார் என்று சொன்னதாக ஆகாது. 'ஒபைன்' எந்தப் பக்கம்? சிசரோ காலத்தில் அது மனத்தின் வினை. இன்றைய ஆங்கிலத்தில் அது வாயின் வினை, கருத்தை வெளியிடுவதைச் சொல்வது. ஆகையால் 'ஹாஸ் நாட் ஒபைன்டு' என்றால் அந்தக் கருத்து வெளியிடப்படவில்லை என்பது மட்டுமே பொருள். நான் அதை மனத்தின் வினையான 'கருது' என்பதில் கொண்டுபோய் ஊற்றினேன். எதிர்மறை உள்ளே இறங்கிவிட்டது.

'கருத்துத் தெரிவிக்கவில்லை' என்று எழுதியிருந்தால் இந்தக் கேடு நேர்ந்திருக்காது. தமிழில் மனவினையும் வாய்வினையும் தெளிவாகப் பிரிந்தே கிடக்கின்றன. கருதுவது வேறு, கருத்துரைப்பது வேறு. பிரித்து வைத்த மொழி மேல் குற்றமில்லை. உடன்பாட்டு வாக்கியத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே தோன்றுவதால் நாம் ஏமாந்துபோகிறோம். 'மருத்துவர் கருதுகிறார்', 'மருத்துவர் கருத்துத் தெரிவித்துள்ளார்' இரண்டில் எதை எழுதினாலும் குடி மூழ்காது. எதிர்மறை வந்து நிற்கும்போதுதான் வினையின் உண்மையான சாதி தெரியும்.

சட்டம் இந்த வேறுபாட்டை எவ்வளவு கவனமாகக் காக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தை வரைந்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். ஒருவர் தாம் கண்டதையும் கேட்டதையும்தான் சாட்சியாகச் சொல்லலாம், நினைத்ததைச் சொல்லக்கூடாது என்பது பொதுவிதி. இந்த விதிக்கு விலக்காக 45-ஆம் பிரிவு வல்லுநர் கருத்தை உள்ளே விட்டது. அயல்நாட்டுச் சட்டம், அறிவியல், கலை, கையெழுத்து போன்றவற்றில் தனித்திறன் உள்ளவரின் கருத்து பொருத்தமான சங்கதி ஆகும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தில் இது 39-ஆம் பிரிவு. பழைய சட்டத்தின் 51-ஆம் பிரிவு இன்னும் அழகானது. உயிரோடிருக்கும் ஒருவரின் கருத்து பொருத்தமானது என்றால், அந்தக் கருத்துக்கு அவர் கொண்ட காரணங்களும் பொருத்தமானவை என்றது அது. 'ஒபைன்' என்ற வினையின் பந்தியில் காரணத்துக்கு இலை இல்லை, சட்டம் ஓர் இலை போட்டது. வல்லுநர் நடந்ததைக் கண்ட சாட்சி அல்லர், அவர் சாட்சியம் அறிவுரைத் தன்மை கொண்டது என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் ஒரு மருத்துவ வழக்கில் விளக்கியிருக்கிறது.

நம் மாநிலத்து உடற்கூராய்வுச் சான்றிதழ்களைப் படித்திருப்பவர்களுக்கு அவற்றின் கடைசி வாக்கியம் பழகியிருக்கும். இறந்தவர் இன்ன காயத்தால் ஏற்பட்ட அதிர்ச்சியாலும் இரத்தப்போக்காலும் 'வுட் அப்பியர் டு ஹாவ் டைட்' என்று முடியும். 'இறந்தார்' என்று எழுதமாட்டார்கள். 'இறந்திருக்கக்கூடும் எனத் தோன்றுகிறது' என்பதே அதன் நேர்ப்பொருள். ஒரே வாக்கியத்தில் 'வுட்' ஒரு தடுப்பு, 'அப்பியர்' இன்னொரு தடுப்பு. உடலைத் திறந்து கண்ணால் பார்த்த மருத்துவரே இவ்வளவு தயங்கி எழுதுகிறார். உள்ளுறுப்புகளின் இரசாயனப் பரிசோதனை முடிவு வரவேண்டியிருந்தால், கருத்தையே நிறுத்திவைத்து 'ஒப்பீனியன் ரிசர்வ்டு' என்று எழுதுகிறார். ஸ்டோயிக்கர் சொன்ன அறிஞனின் ஒழுக்கம், சவக்கிடங்கை ஒட்டிய ஓர் அறையில் இன்றும் கடைப்பிடிக்கப்படுகிறது. மறுநாள் செய்தியிலோ அந்த இரண்டு தடுப்புகளும் உதிர்ந்து, 'இதனால்தான் இறந்தார் என்று பிரேதப் பரிசோதனையில் உறுதியானது' என்று ஆகிவிடுகிறது.

தமிழுக்கு இந்த நுட்பம் புதிதா? இல்லவே இல்லை. ஒருவர் சொன்னதை நம் தலையில் ஏற்றிக்கொள்ளாமல் சொல்ல நம்மிடம் 'ஆம்' என்ற ஒற்றை ஒட்டு இருக்கிறது. 'வந்தார்' என்றால் நான் பொறுப்பு, 'வந்தாராம்' என்றால் சொன்னவர் பொறுப்பு. 'வந்தார் என்று சொன்னார்' என்பதற்கும் 'வந்ததாகச் சொன்னார்' என்பதற்கும் இடையே கூட ஒரு சிறு விலகல் உண்டு, காது பழகியவர்க்குக் கேட்கும். இந்த ஒட்டுகள் இல்லாத குறையை ஆங்கிலம் வினைச்சொற்களால் நிரப்புகிறது. காலத்தையும் அது மாற்றிப் போடுகிறது. உள்வாக்கியம் 'இஸ்' என்று இருந்ததை 'ஒபைன்டு' வந்தவுடன் 'வாஸ்' ஆக்குகிறது. தமிழில் 'என்று' இருக்கும்போது அந்தத் தொல்லை இல்லை, உள்ளே இருப்பதை அசைக்காமல் தூக்கி வைக்கலாம்.

தொல்காப்பியர் தம் நூலில் எத்தனை இடங்களில் 'என்ப', 'என்மனார்' என்று முடிக்கிறார்! தமக்கு முந்திய புலவர்களின் கருத்தை அவர்களுடையதாகவே எடுத்துவைக்கும் வழி அது. 'என' என்ற இடைச்சொல்லுக்கு மட்டும் இடையியலில் ஆறு பொருள் வகுத்தார். பவணந்தியார் நன்னூலின் பாயிரத்தில் ஏழு வகை 'மதம்' பேசுகிறார். அங்கே மதம் என்பதற்குச் சமயம் என்று பொருளில்லை, கொள்கை அல்லது கருத்து என்று பொருள். பிறர் கருத்துக்கு உடன்படுவது, மறுப்பது, முதலில் உடன்பட்டுப் பின் களைவது, இருவர் மாறுபட்டால் ஒன்றைத் துணிவது என்று பிரித்துப் பிரித்து வைத்திருக்கிறார். பிறர் கருத்தோடு எப்படிப் பழகுவது என்பதை நூல் எழுதுபவனுக்கு முதல் பாடமாக வைத்த மரபு நம்முடையது.

அப்படிப்பட்ட மரபில் வந்தவர்கள் இன்று எழுதுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. 'நீதிமன்றம் கருத்து' என்று தலைப்பு. உள்ளே படித்தால் விசாரணையின்போது நீதிபதி வாய்மொழியாகக் கேட்ட ஒரு கேள்வி. பத்திரிகையில் அது கருத்து ஆகி, பகிர்ந்தவர் கையில் தீர்ப்பு ஆகி, மாலைக்குள் 'நீதிமன்றமே சொல்லிவிட்டது' என்று ஆகிறது. கேள்வி, கருத்து, உத்தரவு, தீர்ப்பு நான்கும் நான்கு செயல்கள். நம் அரசியல் சாசனமே இதில் கவனமாக இருக்கிறது. 143-ஆம் உறுப்பின்படி குடியரசுத் தலைவர் கேட்கும்போது உச்ச நீதிமன்றம் தருவதற்குக் கருத்து என்றே பெயர், தீர்ப்பு என்று பெயரில்லை. காவிரி நடுவர் மன்றம் 1991 ஜூன் 25-இல் 205 டி.எம்.சி. தண்ணீர் விடும்படி இடைக்கால ஆணை பிறப்பித்ததும், அதற்கு எதிராகக் கர்நாடகம் அவசரச் சட்டம் கொண்டுவந்ததும், அச்சட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1991 நவம்பர் 22-இல் சொன்னதும் நாம் அறிந்தவை. அந்த நவம்பர் ஆவணம் ஒரு கருத்து. தமிழில் அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'தீர்ப்பளித்தது' என்றே எழுதிவிடுகிறோம்.

'சுட்டிக்காட்டினார்' என்ற வினையையும் இங்கே சொல்லவேண்டும். சுட்டிக்காட்ட, அங்கே ஒரு பொருள் இருந்தாக வேண்டும். 'வரவு செலவில் பற்றாக்குறை உள்ளதைச் சுட்டிக்காட்டினார்' என்று எழுதினால் பற்றாக்குறை உண்டு என்று எழுதியவரும் ஒப்புக்கொண்டதாகப் பொருள். பால் கிபார்ஸ்கியும் கேரல் கிபார்ஸ்கியும் 1970-இல் 'ஃபேக்ட்' என்ற கட்டுரையில் இப்படி உண்மையை முன்கூட்டி ஏற்கும் வினைகளைப் பிரித்துக் காட்டினர். 'ஒபைன்' அந்த வரிசைக்கு நேரெதிரே உட்கார்ந்திருப்பது. ஒருவர் கருத்தாகச் சொன்னதைச் 'சுட்டிக்காட்டினார்' என்று மொழிபெயர்ப்பவர், ஒரு வினைச்சொல்லால் அவர் பக்கம் சாட்சி சொல்லிவிடுகிறார். தெரிந்து செய்தால் அது ஒருதலைப்பட்சம், தெரியாமல் செய்தால் கவனக்குறைவு. வாசகருக்கு நேரும் கேடு இரண்டிலும் ஒன்றே.

துறையில் இருக்கும் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மொழிபெயர்ப்புத் தாளுக்கு இலக்கியப் பத்திகளையே தொடர்ந்து கொடுக்கிறோம். அவை வேண்டியவையே. கூடவே ஒரு காயச் சான்றிதழையும், ஒரு ஜாமீன் உத்தரவின் பத்தியையும் கொடுங்கள். வினைச்சொற்களைப் பொருள் ஒற்றுமை பார்த்துப் பட்டியலாகக் கொடுத்து, 'திங்க், பிலீவ், ஒபைன் எல்லாம் கருதுதல்' என்று மனப்பாடம் செய்யவைப்பதை விட்டுவிடுங்கள். ஒவ்வொன்றையும் எதிர்மறையில் போட்டுக் காட்டி, இப்போது என்ன பொருள் என்று மாணவரைக் கேளுங்கள். பத்து நிமிட வேலை.

அந்த அம்மாவுக்கு நான் மறுநாள் வேறு தாளில் எழுதிக் கொடுத்தேன்: 'கழுத்துத் தடம் உயிரோடு இருந்தபோது ஏற்பட்டதா, இறந்த பின் ஏற்பட்டதா என்பது பற்றி மருத்துவர் இதுவரை கருத்துத் தெரிவிக்கவில்லை.' அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, முந்தைய தாளைத் திருப்பித் தராமல் இரண்டையும் சேர்த்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.